டிஸ்க் விலகினால் ஒப்பரேசன்தானா?

(ஹட்டனில் தோட்ட மாதர் தலைவிகளுக்கான சுகாதாரக் கருத்தரங்கில் உடலியக்கச் சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



"டிஸ்க் விலகிருச்சு, இனி ஒப்பரேசன்தான்" என்ற பேச்சு எல்லா லயத்திலும் கேட்கிறது. அந்தப் பயத்திலேயே பலர் கிளினிக் பக்கம் வருவதில்லை. ஆனால் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒப்பரேசன் தேவைப்படுவதில்லை.

முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். வெளியே நார் வளையம், உள்ளே கூழ். வயதாலும், பாரத்தோடு குனிந்து நிமிர்வதாலும் வளையம் தளர்ந்து கிழியும்; கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தும். அதனால்தான் கோளாறு குறுக்கில் இருக்க, வலி பின்தொடை வழியாகப் பாதம் வரை இழுக்கிறது. டிஸ்க் இடம் மாறிப் போவதில்லை. ஆகவே மிதித்துத் தள்ளி உள்ளே வைக்கவும் முடியாது. எண்ணெய் தேய்த்தால் தசைக்கு இதம், தேய்த்துக்கொள்ளுங்கள். முதுகில் மட்டும் யாரையும் ஏறி மிதிக்க விடாதீர்கள்.

பிதுங்கிய கூழை உடம்பே மெல்லக் கரைக்கும், நரம்பின் வீக்கமும் வற்றும். பலருக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி நன்றாகக் குறைந்துவிடும். மாத்திரை அந்தக் காலத்தைத் தாண்ட உதவுகிறது, டிஸ்கை மாற்றாது. டைக்ளோபெனாக் மாதிரி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. வயிற்றுப்புண், பிரசர், சிறுநீரக நோய் இருந்தால் மருந்துக்காம்பராவில் முதலில் அதைச் சொல்லுங்கள். முதுகில் போடும் ஊசி சிலருக்குச் சில வாரம் சுகம் தரும், அவ்வளவுதான்.

படுத்தே கிடக்க வேண்டாம். வலி கடுமையான ஓரிரு நாள் போதும். பிறகு வாசலிலாவது நடக்க வேண்டும். நாங்கள் சொல்லித்தரும் பயிற்சியைச் செய்யும்போது வலி காலை விட்டு மேலேறிக் குறுக்குக்கு வந்தால் பயப்படாதீர்கள். அது நல்ல அறிகுறி. மரமரப்பு கடைசியில்தான் போகும்.

நெதர்லாந்தில் கடுமையான கால் வலியுள்ள 283 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு உடனே ஒப்பரேசன், மற்றவர்கள் பொறுத்திருந்தார்கள். ஒப்பரேசன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் குணம். ஆனால் பொறுத்திருந்தவர்களிலும் பத்தில் நான்கு பேருக்குப் பின்னர் ஒப்பரேசன் தேவைப்பட்டது. அதையும் மறைக்கக் கூடாது.

நெதர்லாந்து தட்டையான நாடு. அங்கே யாரும் கூடையோடு மலை ஏறுவதில்லை. நம் ஊரில் மூன்றாவது வாரம் வலி கொஞ்சம் விட்டதும், பேர் விழ வேண்டுமே என்று கொழுந்து மலைக்குப் போய்விடுகிறோம். நிறை குறைந்தால் அரைப்பேர். வலி திரும்புகிறது, சிகிச்சை சரியில்லை என்று பெயர். இந்த நோய்க்கு இலகு வேலையும் மருந்துதான். எனவே, "பாரம் தூக்கக் கூடாது" என்று எத்தனை வாரத்துக்கு என்பதையும் சேர்த்து டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டு கையில் இருந்தால்தான் தலைவி துரையிடம் பேச முடியும். திரும்ப வேலைக்குப் போனாலும் கூடை நிரம்பக் காத்திராமல் பாதியிலேயே சாக்கில் கொட்டுங்கள்.

மலையில் வழுக்கி விழுந்து வந்த வலியானால் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லி, மருந்துக்காம்பராவிலும் பதியுங்கள். வேலையில் நேர்ந்த விபத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் நிரூபிப்பது கஷ்டம்.

ஒன்றுக்கு மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ அந்த இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டிக்கோயாவோ நுவரெலியாவோ, எது கிட்டவோ அங்கே. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கூச்சப்பட்டு விடியும்வரை வீட்டில் மறைத்து வைக்காதீர்கள்.