பத்தாயிரம் ரூபாயும் ஒரு கிட்டாரும்

"பத்தாயிரம் ரூபாய்க்குள்ள நல்ல அக்கூஸ்டிக் கிட்டார் எது?" இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நம்ம இன்பாக்ஸுக்கு வந்துடுது. ஒரு பிராண்டு பேரைச் சொல்லிட்டு எபிசோடை முடிச்சுடலாம். ஆனா நான் திருவான்மியூர்ல கிட்டார் சொல்லிக் கொடுக்கிறவன். வாங்கின கிட்டார் ஆறு மாசம் கழிச்சு என்ன நிலைமையில இருக்குன்னு பார்க்கிறவன். அதனால என் பதில் இதுதான்: கையில 10,000 இருந்தா, கிட்டாருக்கு 8,000 மட்டும் ஒதுக்குங்க. மீதியை செட்டப்புக்கும், ஒரு நல்ல ஸ்ட்ரிங் செட்டுக்கும், பஞ்சு வெச்ச பைக்கும் வெச்சுக்கோங்க.

செட்டப்னா என்ன? கிட்டார் பெட்டியிலிருந்து வரும்போது கடைசிக்கட்ட வேலை பாதிதான் முடிஞ்சிருக்கும். விலை குறைஞ்ச கிட்டார்ல இது ரொம்பவே உண்மை. ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுக்கு மேல எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கிறதுக்கு 'ஆக்‌ஷன்'னு பேர். அந்த உயரத்தைக் கைக்குத் தகுந்த மாதிரி இறக்கித் தர்றதுதான் செட்டப்போட முக்கியமான வேலை.

போன வருஷம் ஒரு பொண்ணு வகுப்புக்கு வந்தாங்க. பெருங்குடியில முதல் வேலை, முதல் சம்பளத்துல ஆன்லைன்ல வாங்கின கிட்டார். மூணு மாசம் யூடியூப் பார்த்துப் பழகியிருக்காங்க. எஃப் கார்டு மட்டும் வரவே இல்ல. "சார், என் விரல் சின்னது. எனக்கு இது வராது போல. தம்பிக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன்"னாங்க. நான் ஒரு ஸ்கேலை எடுத்து அளந்தேன். 12-வது ஃப்ரெட்ல தடிச்ச ஸ்ட்ரிங்குக்குக் கீழே 4 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி. அந்த கிட்டார்ல எஃப் பிடிக்க எனக்கே மூச்சு வாங்குச்சு. சாடிலைக் கழட்டி அடிப்பக்கம் தேய்ச்சோம், நட்ல இருந்த பள்ளங்களைக் கொஞ்சம் ஆழமாக்கினோம், மெல்லிசான 11 கேஜ் ஸ்ட்ரிங் மாட்டினோம். ரெண்டு வாரத்துல எஃப் வந்துடுச்சு. விரல் அதே விரல்தான்.

இந்த மாதிரி எத்தனை கிட்டார் இந்த ஊர் பரண்கள்ல தூங்குதோ! "உனக்கு எதுலயும் பொறுமை கிடையாது"ன்னு வீட்ல திட்டு வேற வாங்கியிருப்பாங்க.

அதனால முடிஞ்சவரை கடைக்குப் போய் கையில எடுத்துப் பார்த்து வாங்குங்க. திருவான்மியூர்ல பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்துல இறங்கினா, அண்ணா சாலை பக்கம்தான். 1842-லிருந்து வரலாறு உள்ள மியூசி மியூசிகல் அங்கதான் இருக்கு. வாசிக்கத் தெரியலையேன்னு கூச்சப்பட வேண்டாம், நான் சொல்ற சோதனைக்கு வாசிப்பே தேவையில்ல. பையில ஒரு ஸ்கேல், போன்ல ஒரு ட்யூனர் ஆப், அவ்வளவுதான்.

முதல்ல ட்யூன் பண்ணச் சொல்லுங்க. 12-வது ஃப்ரெட்ல தடிச்ச ஸ்ட்ரிங்குக்குக் கீழே இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருந்தா சுகம். மூணு வரைக்கும் செட்டப்ல சரி பண்ணிடலாம். அதுக்கு மேலன்னா, சாடில்ல தேய்க்கிற அளவுக்கு உயரம் மிச்சம் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா கீழே வெச்சுட்டு அடுத்ததை எடுங்க. அப்புறம் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் சும்மா ஒரு தடவை, 12-வது ஃப்ரெட்ல அழுத்தி ஒரு தடவை தட்டுங்க. ரெண்டும் ஒரே ஸ்வரத்தைக் காட்டணும், ரெண்டாவது ஒரு ஸ்தாயி மேல. ட்யூனர் முள் ரொம்ப விலகினா, கார்டு எல்லாம் எப்பவும் கொஞ்சம் அபஸ்வரமாவே கேக்கும். புதுசா கத்துக்கிறவங்க அதைத் தன் காது கோளாறுன்னு நினைச்சுப்பாங்க. ஒவ்வொரு ஃப்ரெட்லயும் அழுத்தி 'கர்ர்'னு அதிருதான்னு கேளுங்க. பிரிட்ஜோட பின் ஓரத்துல ஒரு விசிட்டிங் கார்டு முனையை நுழைக்கப் பாருங்க. நுழைஞ்சா பசை விட ஆரம்பிச்சிருக்கு. கடைசியா, "இதுல ட்ரஸ் ராடு இருக்கா, திருப்ப முடியுமா?"ன்னு கேளுங்க. நெக்குக்குள்ள ஓடுற இரும்புக் கம்பி அது. நெக் வளைஞ்சா நிமிர்த்தறதுக்கு வேற வழி இல்ல. சின்ன சைஸ் மலிவு மாடல்கள் சிலதுல அது இருக்கவே இருக்காது.

இப்ப மரம். இணையத்துல எல்லாரும் "சாலிட் டாப் வாங்கு"ன்னு சொல்றாங்க. ஒரே பலகையில செஞ்ச மேல்பலகை. சத்தம் நல்லா விரியும், மறுக்கல. ஆனா கிட்டார் மரத்துக்குப் பிடிச்ச ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம். நம்ம வால்மீகி நகர் வீட்டு ஜன்னலைத் திறந்தா சாதாரணமா 70-க்கு மேல. மரம் ஈரத்தைக் குடிச்சு உப்பும், பிரிட்ஜ் மேலே தூக்கும், ஆக்‌ஷன் கூடவே ஏறும். அப்புறம் ஏசி அறையில வெச்சா சுருங்கும். பல அடுக்கு ஒட்டின லாமினேட் பலகை இந்த ஆட்டத்தை எல்லாம் நல்லாவே தாங்கும். கடலோரத்துல, இந்த பட்ஜெட்ல, லாமினேட் வாங்கறதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்ல. புதுசா கத்துக்கிறவங்க நிறைய பேர் வாங்கற யமஹா எஃப்280, எஃப்310 ரெண்டும் லாமினேட்தான். சொல்லப்போனா யமஹா 2019-ல சென்னைப் பக்கத்துல ஒரு தொழிற்சாலை திறந்து, அங்கே அக்கூஸ்டிக் கிட்டாரும் செய்யறாங்க. நம்ம ஊர்ப் பக்கத்துச் சரக்கு! கொல்கத்தாவோட கிவ்சனும் இருக்கு, விலை இன்னும் குறைவு. ஆனா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசப்படும். நாலை எடுத்துப் பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுங்க.

செகண்ட் ஹேண்ட் தாராளமா வாங்கலாம். படிப்பு முடிச்சு ஊருக்குக் கிளம்பறவங்க விக்கிற கிட்டார்ல பாதி தொடாத கிட்டார். அதே சோதனைகள்தான். பிரிட்ஜுக்குப் பின்னால வயிறு உப்பியிருக்கான்னு மட்டும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க.

வாங்கினதும் ஜன்னலோரச் சுவர்ல அழகுக்கு மாட்டாதீங்க. வாசிச்சு முடிச்சதும் பழைய பனியன் துணியால ஸ்ட்ரிங்கைத் துடைச்சுப் பையில போடுங்க, உள்ள நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம். உப்புக்காத்துல சாதா ஸ்ட்ரிங் ஒரு மாசத்துல துரு பிடிக்கும். கோட்டிங் போட்ட ஸ்ட்ரிங் விலை கூடத்தான், ஆனா கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும். அடுத்த எபிசோடுல ஸ்ட்ரிங் மாத்தறது எப்படின்னு பேசுவோம். ஒரு ப்ளையர் எடுத்து வெச்சுக்கோங்க.