பள்ளியும் பிள்ளையும் நாமும்

(கரக்பூர் ரயில்வே காலனித் தமிழர்களின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நமது காலனிக் குழந்தைகளின் படிப்பையும் நலனையும் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாம் பண்டிதர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புப் புரட்டுகின்ற குமாஸ்தா. ஆயினும், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தந்தை என்ற முறையிலும், சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலே பாடஞ் சொல்லி வருபவர் என்ற முறையிலும், கண்ணாற் கண்டவற்றைச் சொல்வதிலே குற்றமிராது என்று துணிந்து நிற்கிறோம்.

பிழைப்பை நாடி நாம் வந்து சேர்ந்த இவ்வூர் கல்விக்கு அந்நியமான மண்ணன்று. ஈசுவர சந்திர வித்தியாசாகரர் 1820-ஆம் ஆண்டிலே பிறந்த பீர்சிங்கா என்னும் கிராமம் இந்த மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்திலேதான் இருக்கிறது. வங்காளக் குழந்தைகள் எழுத்தை எளிதாகக் கற்கவேண்டும் என்று 1855-ல் 'வர்ண பரிசயம்' என்னும் முதற் புத்தகத்தை எழுதித் தந்தவர் அவர். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று ஊரார் கேட்டுக்கொண்டிருந்த அந்நாளிலே, 1857, 1858 ஆகிய ஆண்டுகளில் 35 பெண்கள் பள்ளிகளைத் திறந்து வைத்தவரும் அவரே.

மகாகவி இரவீந்திரநாத தாகூர் 1901-ல் சாந்திநிகேதனத்திலே ஐந்தே மாணவர்களை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். நான்கு சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பதைத் தம் இளமையிலே வெறுத்தவராதலால், மரத்தடியையே வகுப்பாக்கினார். 1918-ல் அவர் எழுதிய ஒரு சிறு கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். ஒரு கிளிக்குக் கல்வி புகட்டவேண்டும் என்று அரசன் ஆணையிடுகிறான். பொற்கூண்டு செய்கிறார்கள், ஏடுகளை அதன் வாயிலே திணிக்கிறார்கள், கண்காணிப்பவர்கள் எல்லாரும் கொழுக்கிறார்கள், கிளிமட்டும் செத்துப் போகிறது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அக்கதை பழையதாகவில்லை என்பதை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

நிற்க. நமது பிள்ளைகளின் முதற் குறை சுமை. நாம் ரயில்வேக்காரர்கள். ஒவ்வொரு சரக்கு வண்டிப் பெட்டியின் பக்கத்திலும் அது எத்தனை டன் தாங்கும் என்று எழுதியிருப்பதைத் தினமும் பார்க்கிறோம். அதற்கு மேல் ஏற்றினால் அச்சும் சக்கரமும் என்னவாகும் என்பதும் நமக்குத் தெரியும். இரும்புப் பெட்டிக்கு வகுத்திருக்கும் அளவு எலும்பும் சதையுமான குழந்தைக்கு வேண்டாமா? மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட பள்ளிப் பை பற்றிய கொள்கை, பையின் எடை குழந்தையின் எடையிலே பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்கிறது. முப்பது கிலோ எடையுள்ள பிள்ளை மூன்று கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது. இரண்டாம் வகுப்பு முடிய வீட்டுப் பாடமே கூடாது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்திற்கு இரண்டு மணி நேரம். ஆறு முதல் எட்டுவரை நாளைக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேலுள்ள வகுப்புகளுக்கு இரண்டு மணி நேரம். இவை அக்கொள்கை வகுத்த எல்லைகள். இன்றிரவு வீடு சென்றதும் பிள்ளையின் பையை அரிசி நிறுக்கும் தராசிலே ஒருமுறை வைத்துப் பாருங்கள். பிறகு நாம் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, தராசே சொல்லும்.

பைச்சுமைக்கு மேலே டியூஷன் சுமை. காலை ஆறு மணிக்கு ஒன்று, பள்ளி விட்டதும் மற்றொன்று. வீட்டுக்கு வரும்போது தெரு விளக்கு எரிந்துவிடுகிறது. காலனி மைதானத்தை மாலை வேளையிலே சற்று நின்று பாருங்கள். முன்பெல்லாம் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும் அவ்விடத்திலே இன்று ஆடுகள் மேய்கின்றன. விளையாடாத குழந்தை படிக்கும் என்பது பொய்க் கணக்கு. ஓடி வியர்த்து, பசித்து உண்டு, அயர்ந்து உறங்கிய பிள்ளையின் மனத்திலேதான் பாடம் தங்கும்.

இரண்டாவது குறை அச்சம். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு குழந்தையை அடிப்பதையும், மனம் புண்படத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியை நம்மவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது மாட்டைப் பற்றிய பழமொழி என்பதை அன்போடு நினைவூட்டுகிறோம். அடிக்கு அஞ்சும் குழந்தை கற்றுக்கொள்வது பாடத்தையன்று. பொய் சொல்லும் வழியையே. வாத்தியார் பிரம்பைக் கீழே வைத்த பிறகு, வீட்டிலே அப்பாவின் பெல்ட் மேலே எழுமானால் என்ன பயன்?

மூன்றாவது குறை நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் மாறுகின்றவர்களுக்கே உரியது. சென்ற ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து இடமாற்றலாகி வந்த ஓர் அன்பரின் மகன், நடு ஆண்டிலே இங்கே ஏழாம் வகுப்பிற் சேர்ந்தான். ஊரிலே கணக்கிற் கெட்டிக்காரன். இங்கோ வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது; கடைசிப் பலகையிலே உட்கார்த்தி வைத்தார்கள். இரண்டு மாதத்திலே வாய் பேசாத பிள்ளையாகிவிட்டான். பள்ளி நாளெல்லாம் காலையில் வயிற்று வலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லை. டாக்டர் மருந்து கொடுத்தார், வலி போகவில்லை. நமது ஞாயிறு வகுப்பிலும் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற ஒரே விடை. ஒருநாள் அவன் பள்ளிப் புத்தகத்திலிருந்த கணக்கையே தமிழிலே சொல்லிக் கேட்டோம். நாம் பலகையில் எழுதி முடிக்குமுன் விடை வந்தது. குறை அறிவிலே இல்லை, மொழியிலே இருந்தது என்பது அன்றுதான் அவன் தாய் தந்தையருக்கே விளங்கிற்று.

தகப்பனாரும் நம்மவர் இருவரும் பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியரைக் கண்டோம். சண்டை போடச் செல்லவில்லை; செய்தியைச் சொல்லச் சென்றோம். அறுபது பிள்ளைகள் கொண்ட வகுப்பு; அவருக்கு இது தெரியாமற் போனதில் வியப்பில்லை. கேட்டுக்கொண்டவர் மறுநாளே அவனை முன் வரிசைக்கு மாற்றி, இந்தி நன்கறிந்த ஒரு தெலுங்குப் பையனைப் பக்கத்திலே அமர்த்தினார். இன்றும் வங்காளத்திலே அவன் பின்தங்கித்தான் இருக்கிறான். ஆனால் காலையில் வயிற்று வலி வருவதில்லை. மதிப்பெண் பட்டியலைவிட இதனையே நாம் பெரிய தேர்ச்சியாகக் கருதுகிறோம்.

மாற்றலாகி வருபவர்கள் சட்டத்திலே உள்ள ஒரு வசதியை அறிந்திருப்பது நலம். எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குச் சென்றாலும், அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ மாற்றிச் சேர உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணங் காட்டிச் சேர்க்க மறுத்தல் கூடாது என்று 5-ஆம் பிரிவு கூறுகிறது. சான்றிதழுக்காகப் பிள்ளையை இரண்டு மாதம் வீட்டிலே வைத்திருந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

தாய்மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிலே புகட்ட வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்று, 1956-ல் நமது அரசியல் சட்டத்திலே 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தில்லியிலே நம்மவர் 1923-லேயே தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கி, அதனை ஏழு பள்ளிகளாக வளர்த்திருக்கிறார்கள். அத்துணைப் பெருமுயற்சி நம் சக்திக்கு மேற்பட்டதாயிருக்கலாம். ஆனால் இரவு உணவின்போது பிள்ளையோடு தமிழிலே பேசுவதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. பள்ளியிலே என்ன நடந்தது என்பதைத் தன் மொழியிலே தாயிடம் சொல்லத் தெரிந்த பிள்ளை, மனத்துக்குள்ளே எதையும் புதைத்து வைக்காது.

நான்காவது வயிறு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நாட்டுக்கு எடுத்துக் காட்டியது நமது தமிழகமே. 1920-ல் சென்னை நகராண்மைக் கழகம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே மதிய உணவு அளித்தது. 1956-ல் பெருந்தலைவர் காமராசர் அதனை மாநிலமெங்கும் பரப்பினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1995-ல் மத்திய அரசும் மதிய உணவுத் திட்டத்தை மேற்கொண்டது. 2022-ல் தமிழகம் காலை உணவையும் சேர்த்தது. இத்தகைய நாட்டிலிருந்து வந்த நம் வீடுகளிலே, அப்பா இரவு ஷிஃப்ட் முடித்து வரவில்லை, பள்ளிப் பஸ் வந்துவிட்டது என்று, ஒரு வாய்ச் சோறும் இல்லாமல் பிள்ளைகள் புறப்படலாமா? இரவு மீந்த இட்லி இரண்டு போதும். அதோடு, கைப்பேசியைப் பத்து மணிக்கு மேல் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி வைத்தால், காலையிலே எழுப்பும் போராட்டமும் பாதியாகக் குறையும்.

இவ்வளவும் வீட்டிலே. பள்ளியைத் திருத்துவது யார் பொறுப்பு? அரசுப் பள்ளிகளிலே பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்கவேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரிற் பாதிப்பேர் பெண்கள். இவ்வாறு 21-ஆம் பிரிவு விதிக்கிறது. குடிநீர், கழிப்பறை, ஆசிரியர் வருகை ஆகியவற்றைக் கேட்கும் உரிமை இதனால் நமக்கு உண்டு. தனியார் பள்ளிகளிலும் பெற்றோர் கூட்டம் நடக்கிறது. அங்கே மதிப்பெண் அட்டையிற் கையெழுத்துப் போடுவதோடு நில்லாமல், "என் பிள்ளைக்கு வகுப்பிலே நண்பர்கள் இருக்கிறார்களா? சிரிக்கிறானா?" என்றும் ஆசிரியரைக் கேட்கவேண்டும். ஆசிரியர் நமக்குப் பகைவர் அல்லர். வண்டி ஒன்று, அவர் டிரைவர் என்றால் நாம் கார்டு. முன்னும் பின்னும் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கொடி காட்டாவிட்டால் வண்டி எப்படி நகரும்?

அரசாங்கம் குழந்தைக் கல்விப் படியாக 2024 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு வீதம், இரண்டு பிள்ளைகளுக்கு வழங்கத் தொடங்கியது. நன்றியோடு பெறுகிறோம். ஆனால் பிள்ளையின் பக்கத்திலே உட்கார்ந்து, "இன்று என்ன படித்தாய், கண்ணு?" என்று கேட்கப் பணத்துக்கு வாய் இல்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இதனைச் சொல்லும்போது முன் வரிசையிலுள்ள சில பெரியோர்கள் முகஞ் சுளிக்கலாம், பொறுத்தருள வேண்டும். நம் சங்கக் கூடம் மாலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை திறந்திருக்கிறது. மின்விசிறி உண்டு, நல்ல விளக்கு உண்டு, நாற்காலி நாற்பது உண்டு. அங்கே இப்பொழுது நடைபெறுவது சீட்டுக் கச்சேரி. உழைத்துக் களைத்தவர்களின் பொழுதுபோக்கை நாம் குறை கூறவில்லை. ஆனால் டியூஷனுக்குப் பணமில்லாத கலாசி வீட்டுப் பிள்ளையும், ஒரே அறையிலே ஐந்து பேர் வசிக்கும் வீட்டுப் பெண்ணும், புத்தகத்தை விரித்துவைக்க இடமின்றித் தவிப்பதை நாம் அறிவோம். வாரத்திலே ஐந்து நாள், ஆறு மணி முதல் எட்டு மணி வரை அக்கூடத்தைக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுங்கள். எட்டு மணிக்கு மேல் ராஜாவும் ராணியும் ஆடட்டும்! கணக்குக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், வங்காளத்துக்கு நமது அண்டை வீட்டு வங்காள நண்பர் ஒருவர் என்று மூவர் முறைவைத்து வந்தாற் போதும். முதல் முறையை நாமே ஏற்கிறோம். வருகிற திங்கட்கிழமையே வந்து அமருகிறோம்.

ஆண்டு விழாவிலே நாடகமும் பாட்டும் நடத்துகிறோம். இந்த மலரும் அச்சிடுகிறோம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இக்கூடத்தின் விளக்கடியிலே அச்சமின்றி ஒரு குழந்தை தன் பாடத்தைப் படித்து முடிக்குமானால், நமது சங்கம் இருந்ததற்கு அதுவே பெரிய சாட்சியாகும். செயற்குழு இதனைத் தீர்மானமாக ஏற்று நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.