மேசை கூடினால் வேலை நடக்குமா?

(ரந்தாவ் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் சந்திப்பில் நம் வழக்கறிஞர் ஆற்றிய உரை)



முதலில் ஒரு பட்டாளத்துக் கதை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இராணுவ அலுவலகம் ஒன்றில் ஒரு விமானப்படைத் தளபதி, ஒரு கர்னல், ஒரு விங் கமாண்டர், கடைசியில் ஒரு மேஜர். நாள் முழுக்க ஓயாத கோப்பு வேலை. தளபதி லீவில் போனார், வேலை குறைந்தது. கர்னல் நோயில் படுத்தார், இன்னும் குறைந்தது. விங் கமாண்டர் பயிற்சிக்குப் போனார். மேஜருக்கு வேலையே இல்லை! அதுவரை ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னவர் அந்த மேஜரேதான். பெயர் நார்த்கோட் பார்க்கின்சன். 1950இல், சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வரலாற்றுப் பேராசிரியராக வந்தவர். 1955இல் அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது.

அவர் காட்டிய கணக்கைக் கேளுங்கள். 1914இல் பிரிட்டிஷ் கடற்படையில் பெரும் போர்க்கப்பல்கள் 62. 1928இல் 20. ஆனால் தலைமை அலுவலக அதிகாரிகளோ 2,000 பேரிலிருந்து 3,569 பேர் ஆனார்கள். நம்மை ஆண்ட காலனி அலுவலகத்தில் 1935இல் 372 பேர். 1954இல் 1,661 பேர். அதற்குள் இலங்கை சுதந்திரமே வாங்கிவிட்டது!

காரணம் என்ன? வேலைப் பளு என்று சொல்லும் அதிகாரி, தனக்குச் சமமாக ஒருவரைக் கேட்பதில்லை, அவர் போட்டியாகிவிடுவார். கீழே இருவரைக் கேட்பார். பிறகு மூவரும் ஒருவர் எழுதியதை ஒருவர் திருத்துவார்கள்.

நாம் வெட்டிய பாலை அன்றன்றே எடை போட்டார்கள். ஒரே கிராணியார் செக்ரோலில் எத்தனையோ பேருக்குப் பேர் பதிந்தார். மேசை வேலைக்கு எடை போடுவார் யார்?

என்னிடம் வந்த ஒரு பாட்டி, தோட்டத்தில் பிறந்தவர், சிவப்பு அடையாள அட்டைக்காரர். ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை போனார். ஒவ்வொரு முறையும் வேறு முகப்பு, அதே பத்திரம் கேட்டார்கள். துணைக்குப் போன பேத்திக்கு ஏழு நாள் சம்பளம் போச்சு. கடைசியில் ஒருவர் கோப்பை முழுசாகப் புரட்டினார். கேட்ட பத்திரம் முதல் நாளிலிருந்து அதற்குள்ளேயே இருந்தது!

முகப்பில் இருக்கும் பிள்ளை நம் எதிரி அல்ல. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் ஆள் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கோப்பு பத்துக் கை மாறினால் பொறுப்பு எந்தக் கையிலும் இருக்காது என்கிறேன்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்கியவர் பெயரைக் குறித்து வையுங்கள். எத்தனை நாளில் முடியும் என்று சொல்லும் 'பியாகம் பெலங்கான்' சுவரில் இருக்கும். 1993ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி வந்தது அது. அந்த நாள் கடந்தால் எழுத்தில் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

அலைய வைப்பதும் உரிமை மறுப்புதான்.