தூண் போனது, யானை நிற்கிறது

(பழவேற்காட்டில் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

உங்களில் சிலர் ராணுவத்தில் சேரக் காலையில் ஓடிப் பழகுவதாகச் சொன்னீர்கள். அங்கே தொப்பியில் குத்துகிற சின்னங்கள்தான் என் ஆய்வு. அதையே பேசுகிறேன்.

1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வா படையைக் கம்பெனியின் சிறு படை எதிர்த்து நின்றது. அங்குள்ள நினைவுத் தூணில், இறந்த கம்பெனி வீரர்களின் பெயர்களில் 22 மகர்களுடையவை. பேஷ்வா ஆட்சியில் மகர்கள் பட்டது உங்களுக்குத் தெரியும். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அந்தத் தூணுக்குப் போனார். மகர்களைப் படையில் சேர்ப்பதை 1890களிலேயே வெள்ளைக்காரன் நிறுத்தியிருந்தான். அவர்கள் 'போர்க்குணமுள்ள இனம்' இல்லையாம்! 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானபோது அதன் சின்னத்தில் கோரேகான் தூண் ஏறியது. சுதந்திரத்துக்குப் பிறகு தூண் போய், அந்த இடத்தில் குத்துவாள் வந்தது.

வெள்ளைக்காரனின் வெற்றிச் சின்னத்தைச் சுதந்திர நாட்டுப் படை எப்படிச் சுமக்கும் என்று கேட்பார்கள். சரி, நம்ம மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்தைப் பாருங்கள். கேடயத்தின் மேல் ஒரு யானை. அது அசாயே யானை. 1803இல் அசாயேயில் வெல்லெஸ்லியின் தலைமையில் மெட்ராஸ் படைகள் சண்டையிட்டதன் அடையாளம். இரண்டு போரும் கம்பெனிக்காக, இரண்டிலும் எதிரே மராத்தியப் படை. இடையில் 15 வருடம்கூட இல்லை. யானை இன்றும் நிற்கிறது. யானைக்குச் சாதி இல்லை. தூணில் பெயர்கள் இருந்தன. நான் புரிந்துகொள்வது இப்படித்தான்.

அந்த ரெஜிமென்ட்டின் முழக்க வாசகம் சமஸ்கிருதம், கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. கடமையைச் செய்து சாவது பெருமை என்று பொருள் சொல்வார்கள். மூலத்தில் இருப்பது சுவதர்மம். அடுத்தவன் தர்மத்தைத் தொடுவது ஆபத்து என்றுதான் அந்தச் சுலோகம் முடிகிறது. தலித் வீட்டுப் பையனும் அதைத்தான் ஏற்க வேண்டும்.

போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அம்பேத்கரின் அப்பா ராம்ஜியும் சுபேதார்தான். அக்னிபத்தில் 4 வருடம்தான், ஓய்வூதியம் கிடையாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

சுவதர்மத்தை இந்த ஏரிக்கரையில் விளக்கத் தேவையில்லை. எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கிற பாடு முறை, உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமானதுதான். உள்ளே யார் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கிறது. பாடு இல்லாத இருளர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

இனி நீங்கள் பேசுங்கள். பாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். என் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.