துப்புரவுத் தொழிலும் தன்மானமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சிறிய அளவில் துப்புரவுத் தொழில் நடத்துவோர் வாடிக்கையாளரைப் பெறுவது எவ்வாறு என்பது குறித்துப் பேசுமாறு பணிக்கப்பெற்றோம். தலைப்பைக் கேட்டதும் மூத்தோர் சிலரின் முகம் வாடியதைக் கண்டோம். “படித்த பின்னும் நம் பிள்ளைகள் கையில் துடைப்பமா?” என்னும் அவர்தம் வினா நியாயமானது. அதற்கு விடை கூறாமல் மேற்செல்லுதல் தகாது.

இன்னார்தாம் துடைப்பத்தை ஏந்த வேண்டும், கூலியை எதிரில் நிற்பவரே தீர்மானிப்பார், மறுக்கும் உரிமை கிடையாது என்ற ஏற்பாட்டில்தான் இழிவு இருந்தது. சாதியானது வேலையோடு நில்லாமல், வேலை செய்யும் மனிதரையே மேல் கீழாகப் பிரித்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். ஆதலின் இத்தொழிலை எவரும் நம்மீது சுமத்தலாகாது. விரும்பி ஏற்போர், விலையையும் நிபந்தனையையும் தாமே வகுத்து ஏற்றல் வேண்டும்.

நாங்கள் நால்வர் மதுரையில் இத்தொழிலைத் தொடங்கியபோது ஆயிரம் துண்டறிக்கைகள் வழங்கினோம். அவற்றால் வந்த அழைப்புகள் இரண்டே. பின்னரே வழி புலப்பட்டது. எந்த வீடு கட்டி முடியப்போகிறது என்பதை வண்ணம் பூசுவோரும் மின்பணியாளரும் முதலில் அறிவர், அவர்களோடு பழகினோம். குடிபோகுமுன் தரையிலுள்ள சிமெண்டுக் கறையையும் சன்னலில் தெறித்த வண்ணத்தையும் நீக்கும் வேலை கிடைத்தது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளரை ஞாயிறு காலையிலும், மருத்துவரை நோயாளிகள் சென்ற பின்னரும் கண்டு பேசினோம். வேலை முடிந்ததும், “தங்களுக்குத் தெரிந்த இருவரிடம் எங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்கக் கூசவில்லை. குறை கூறினால் அன்றே திரும்பிச் சென்று சரிசெய்தோம். ஒரு வீடு மற்றொரு வீட்டைத் தந்தது.

இளைஞர்களே, இடத்தை நேரில் பாராமல் விலை கூறாதீர்கள். தளப்பரப்பு, கழிவறைகளின் எண்ணிக்கை, தண்ணீர் வசதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலி, பினாயில், போக்குவரத்து, வேலையில்லா நாட்களின் செலவு அனைத்தையும் கூட்டி, அதன்மேல் ஆதாயம் வைத்து எழுதிக் கொடுங்கள். எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம், பணம் எந்தத் தேதியில் என்பனவும் அத்தாளில் இருத்தல் வேண்டும். வருவாயிற் பாதி ஒரே இடத்திலிருந்து வருமாயின், அங்கே பழைய ஆண்டை புது உருவில் நிற்கிறார் என்று அறிக.

இதனை நாங்கள் பட்டறிந்தோம். எங்களுக்குப் பெரும்பகுதி வருவாய் தந்த குடியிருப்பு ஒன்றில், ஒருநாள் மலக்குழிக்குள் இறங்கச் சொன்னார்கள். இரட்டிப்புப் பணம் தருவதாகவும் கூறினார்கள். மறுத்தோம். மறுமாதமே ஒப்பந்தம் போயிற்று. இரண்டு மாதங்கள் வீட்டு வாடகைக்கே திண்டாடினோம். ஆயினும் நால்வரும் உயிரோடு இருக்கிறோம். உரிய காப்புச் சாதனமும் பாதுகாப்பு ஏற்பாடும் இன்றி மனிதரை மலக்குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறப்போர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. அத்தொகையைப் பெறுவதற்காக நாம் பிள்ளைகளைப் படிக்க வைக்கவில்லை.

அரசு அலுவலகங்களும் வாடிக்கையாளரே. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமும், அதனுள் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களிடமும் பெறவேண்டும் என்பது விதி. அதற்கு வாயிலான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 2016இல் தொடங்கிய ஜெம் இணையச் சந்தையில் பெயர் பதிந்து விலைப்புள்ளி அளிக்கலாம். இயந்திரம் வாங்க முதல் இல்லாதோர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு.

இக்கழகம் 25 ஆண்டுகளாக நமக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்தது. அந்தக் கணக்கு, விலைத்தாளை எழுத உதவட்டும். அந்த எழுத்து, செய்யத் தகாததைச் ‘செய்யமாட்டோம்’ என்று எழுத உதவட்டும். நம் பிள்ளைகள் வேறு தொழிலை நாடினால் மகிழ்ந்து வழியனுப்புவோம். இதனையே ஏற்றால், நிமிர்ந்து நின்று முன்வாயில் வழியே சென்று விலை பேசட்டும்.