இழுவை லாரிக்கு ஏற்ற கிளட்ச்

கிளட்ச் என்பதை உரசிணைப்பி என்று தமிழில் எழுதுவோர் உண்டு. அலுவலகத்தில் நாள் முழுவதும் ஆங்கிலச் சுற்றறிக்கைகளை இந்தியில் ஆக்கிக்கொண்டிருக்கும் எனக்கு அச்சொல் பிடித்தமானதே; உரசுவதும் இணைப்பதுமாகிய இரு வேலைகளும் அதில் அடங்கிவிடுகின்றன. ஆயினும் தாராவி அறுபதடிச் சாலையில் நின்று அதைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. ஆகவே பட்டறையில் வழங்கும் சொற்களையே இப்பேச்சில் கையாளுகிறேன்.

இவ்விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்ததற்குக் காரணம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய ஓர் அண்ணாச்சி. பழைய டீசல் லாரி ஒன்றின் பின்புறத்தில் தூக்கு சட்டமும் கொக்கியும் பொருத்தி, வழியில் நின்றுவிட்ட வண்டிகளைப் பட்டறைக்கு இழுத்துச் செல்வது அவர் தொழில். செம்பூரை அடுத்த மாஹுல் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருப்பதால் அங்கே டாங்கர் லாரிகளுக்குக் குறைவில்லை. பழுதாகி நிற்பவற்றுக்கும் குறைவில்லை. வருமானம் வந்தது. வந்ததில் ஒரு பகுதியைக் கிளட்சே தின்றது. ஒரே ஆண்டில் மூன்று முறை பிளேட் மாற்றினார். மூன்றாவது பிளேட் இரண்டு மாதங்கூட உழைக்கவில்லை.

மழைக்காலத்தில் ஓர் இரவு, சாண்டாகுரூஸ் - செம்பூர் இணைப்புச் சாலையின் மேம்பால ஏற்றத்தில், பின்னால் பாரலாரி ஒன்றைக் கட்டி இழுத்துவருகையில் போக்குவரத்து நின்றது. மீண்டும் கிளப்பியபோது எஞ்சின் உறுமிற்று, வண்டி நகரவில்லை. தீய்ந்த நாற்றம் எழுந்தது. கிளட்ச் பிடித்துவிடும் என்று நம்பி ஓட்டுநர் கைபிரேக்கை முன்னதாகவே விட்டிருந்தார். லாரி பின்னோக்கி உருளத் தொடங்கியது. கொக்கியைப் பார்க்க இறங்கிய உதவிப் பையன் கையில் அகப்பட்ட கல்லைச் சக்கரத்தின் அடியில் போட்டான். வண்டி நின்றபோது அவன் முழங்காலுக்கும் பின்னாலிருந்த லாரியின் பம்பருக்கும் இடையே ஒரு சாண் இருந்ததாம்.

மறுநாள் மாலை அண்ணாச்சி மாதுங்காவிலுள்ள என் வீட்டுக்கு ஓர் ஆங்கில விலைப்பட்டியலோடு வந்தார். "கடைக்காரன் எதை எடுத்தாலும் ஹெவி டியூட்டிங்கான். இதுல உள்ளபடி என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார். அன்றிரவு தொடங்கி, பட்டியலும் பட்டறையுமாக நான் கற்றுக்கொண்டதையே இங்கே சொல்லுகிறேன்.

எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் ஒருபுறம். விற்களின் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே கியர்ப்பெட்டியின் தண்டில் கோத்த கிளட்ச் பிளேட். பெடலை விட்டதும் நடுவிலுள்ளது இறுகப் பிடிக்கப்பட்டு எஞ்சினோடு சேர்ந்து சுழலுகிறது. இந்தப் பிடிப்பின் வலிமையை நிர்ணயிப்பவை மூன்று: விற்களின் அழுத்தம், உரசும் பரப்பு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது, உரசும் பொருளின் தன்மை. வெறும் கடினத்தை வைத்துக் கடைக்காரர் பேசும் பேச்சு இம்மூன்றில் எதையும் நமக்குத் தெரிவிப்பதில்லை. பிளேட்டின் விட்டத்தை மில்லிமீட்டரிலும், அது தாங்கும் முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரிலும் கேட்கவேண்டும். விட்டம் 330 என்பது 380 ஆனால், அதே அழுத்தத்தில் பிடிப்பு சுமார் 15 விழுக்காடு கூடும். உள்வட்டமும் அதே விகிதத்தில் பெருத்திருப்பின் சூட்டைத் தாங்கும் பரப்போ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் பெரிய பிளேட்டை நினைத்தவுடன் பூட்டிவிட முடியாது. ஃப்ளைவீலின் துளைகளும், கியர்ப்பெட்டித் தண்டின் பற்களும் அதற்கு ஒத்திருக்கவேண்டும்.

இழுவை வண்டியின் உண்மையான பகை சூடு. சமதரையில் நிற்கும் வண்டியை ஒரு வேகத்துக்குக் கொணரும்போது, வண்டி எவ்வளவு இயக்க ஆற்றல் பெறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகிறது. 16 டன் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் முழுப்பிடிப்பு அடைந்தால் அது சுமார் 60 கிலோஜூல். பின்னால் இன்னொரு 16 டன் தொங்கினால் அதுவும் இரட்டிப்பு. ஏற்றமாயின் இன்னும் மிகுதி. ஆனால் 5 கிலோமீட்டர் வேகத்திலேயே முழுப்பிடிப்பு அடையுமாறு முதல் கியரில் கிளப்பினால், வெப்பம் நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. அண்ணாச்சியின் ஓட்டுநர் பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டாம் கியரில் கிளப்பும் வழக்கமுடையவர் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் வெளிவந்தது. மூன்று பிளேட்டுகளில் ஒன்றையாவது அந்தப் பழக்கம் தின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்த்தோம். 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு லாரிகளின் மொத்த எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 ஆயிற்று; மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னாக இருந்தது 28.5 ஆயிற்று. இத்தகைய அறிவிக்கைகளைக் கண்டால் மொழிபெயர்ப்பாளனுக்குச் சொற்களே கண்ணில் படும். அண்ணாச்சிக்கோ கொக்கியில் ஏறப்போகும் மூன்றரை டன் கண்ணில் பட்டது. கர்ஜத்திலிருந்து போர் கணவாய் ஏறும் ரயிலுக்கு 37 அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில் உதவித் தள்ளுவதற்குக் கூடுதல் எஞ்சின்கள் சேர்க்கப்படுகின்றன. கண்டாலாவுக்குப் பழுதான லாரியை இழுத்து ஏறும் வண்டிக்கு அத்தகைய துணை கிடையாது. ஆகவே தன் எஞ்சினுக்கு எது போதும் என்று கேட்பதை விட்டு, தான் இழுக்கக்கூடிய மிகப் பெரிய பாரத்தோடு மிகச் செங்குத்தான ஏற்றத்தில் நின்று கிளம்ப எது போதும் என்று கேட்பதே முறை.

அடுத்தது உரசும் பொருள். நாரும் பிசினும் சேர்ந்த வழக்கமான பொருள் மென்மையாகப் பிடிக்கும். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிப்பை இழக்கும். செராமிக் எனப்படும் உலோகக்கலவை வில்லைகள் சூட்டை நன்கு தாங்கும்; ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். அந்த வெடுக்கு கியர்ப்பெட்டியையும் பின்னச்சையும் இழுவைச் சங்கிலியையும் அதிரச் செய்யும். ஃப்ளைவீலின் முகமும் விரைவில் தேயும். கணவாய்ச் சாலையிலேயே பிழைப்பு நடத்துபவருக்குச் செராமிக் தகும். சயான், குர்லா நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து, ஒடிந்த அச்சுள்ள வண்டியைப் பதமாக நகர்த்தவேண்டியவருக்கு அது தகாது. கடைக்காரர் செராமிக்கையே வற்புறுத்தினார். அண்ணாச்சி கேட்கவில்லை, அது சரி என்றே நான் கருதுகிறேன். அதே லாரியின் கனரக வகைக்கு உற்பத்தியாளரே குறித்திருந்த 380 மில்லிமீட்டர் செட், வழக்கமான பொருள், நடுவில் அதிர்வு தாங்கும் விற்கள்: இதை எடுத்தார். ஃப்ளைவீலின் துளைகள் நல்வாய்ப்பாக ஒத்திருந்தன. பெடல் முன்னிலும் சற்றுக் கனம். ஓட்டுநர் அதைப்பற்றி இன்றுவரை முணுமுணுக்கிறார்.

செட் என்ற சொல்லை அழுத்திச் சொல்லுகிறேன். முன்பு மூன்று முறையும் அவர் பிளேட்டை மட்டுமே மாற்றியிருந்தார். கழற்றிப் பார்த்தால் பிரஷர் பிளேட்டின் விற்கள் தளர்ந்திருந்தன. ஃப்ளைவீல் நீலம் பாய்ந்து, மயிரிழைப் பிளவுகளோடு இருந்தது. எஞ்சினின் பின்புற ஆயில் சீல் கசிந்து புதிய பிளேட்டையும் நனைத்திருந்தது. எண்ணெய் பட்ட பிளேட் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் வழுக்கும். ஃப்ளைவீலைக் கடைசலில் கொடுத்துச் சமன் செய்யும்போது அளவுக்குமேல் தேய்ந்ததையும் பிளந்ததையும் தள்ளிவிடவேண்டும், இவருடையது தள்ளவேண்டியதாயிற்று. ரிலீஸ் பேரிங்கும் தண்டு நுனியிலுள்ள சிறு பேரிங்கும் அவற்றோடு மாற்றப்பட்டன. செலவு கூடிற்று என்பது உண்மையே. கியர்ப்பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியை மூன்று முறை கொடுத்தவருக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

பழைய கிளட்சின் தூளைக் காற்றுக்குழாயால் ஊதக்கூடாது. பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம். அத்தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைப்பதே தக்கது. கிங்ஸ் சர்க்கிள் போன்ற தாழ்ந்த இடங்களில் மழைநீரில் இறங்கிய வண்டியைப் பல நாள் அப்படியே நிறுத்திவைத்தால் துருவேறிப் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். போலிப் பொருள்களைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பில் தர மறுக்கும் கடையில் வாங்காதிருந்தாலே பெரும்பாலும் போதும்.

புதிய செட்டுக்கு முதல் சில நூறு கிலோமீட்டர் பெரும்பாரம் கட்டாமல் பழக்கம் கொடுத்தார்கள். அந்த நாட்களில் வருமானம் குறைவு என்று அண்ணாச்சி வருந்தினார். அதே வாரத்தில் ஒரு தச்சரிடம் ஆப்பு வடிவில் இரண்டு மரக்கட்டைகள் செய்வித்து, ஒவ்வொன்றிலும் நீண்ட கயிறு கட்டிப் பையனிடம் கொடுத்தார். ஏற்றத்தில் வண்டி நின்றால், அவன் இப்போது இரண்டு வண்டிகளுக்கு நடுவே போவதில்லை. ஓரமாக நின்று கட்டையைச் சக்கரத்தடியில் தள்ளிவிட்டு, வண்டி கிளம்பியதும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்ளுகிறான்.