செம்மஞ்சள் எல்லாம் உயிர் காக்காது



எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கல்லடியில் பாலம், மண்முனையில் பாலம். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையிலோ பல தலைமுறையாகச் சனங்களைக் கரை சேர்த்தது பாதை என்ற மிதவைப் படகுதான். மோட்டார் சைக்கிளோடு ஆசிரியர், நெல்மூட்டையோடு வயற்காரர், புத்தகப் பையோடு பிள்ளை என்று எல்லாரும் அதில் ஏறி நிற்பார்கள். உயிர்காப்பு அங்கியைப் பற்றிப் பேச்செடுத்தால், "வாவிதானே, கழுத்தளவு தண்ணி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

வாவியின் பல இடங்களில் ஓர் ஆள் ஆழம் இல்லை என்பது மெய்தான். ஆனால் தோணியின் விளிம்பில் தலை அடிபட்டு விழுந்தவருக்கு முழங்காலளவு தண்ணீரும் போதும். சேலை காலைச் சுற்றிக்கொண்டால் நீந்தத் தெரிந்தவரும் தடுமாறுவார். அடியில் சேறு காலைப் பிடித்தால் கழுத்தளவு என்ற கணக்கே பொய்யாகிவிடும்.

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, மட்டக்களப்புக்கு வடக்கே, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததைக் கிழக்கு மாகாணம் மறக்கவில்லை. பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதுவரைக்கும் பாதையில் போக்குவரத்து. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் ஏறியிருந்த அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேரின் இறப்பு உறுதியானது. அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். கரை கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது.

ஆகவே அங்கி வேண்டும். ஆனால் எந்த அங்கி? கடையில் தொங்குகிறவை எல்லாம் செம்மஞ்சள், எல்லாவற்றிலும் பட்டி, எல்லாவற்றிலும் விசில். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தன் உடலையே கொடுத்தவர் எட்கார் பாஸ்க் என்ற ஆங்கிலேய மயக்க மருந்து வைத்தியர்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். கடலில் விழுந்த விமானிகள் அங்கி அணிந்திருந்தும் இறந்தார்கள். மயங்கிய மனிதனின் முகத்தை அந்த அங்கி நீருக்கு மேலே வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. விழித்திருக்கும் ஆளை வைத்து அதைச் சோதிக்க முடியாது. அவர் தன்னையறியாமலே தலையைத் தூக்கிவிடுவார். எனவே ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ரொபட் மக்கின்டொஷ் பாஸ்குக்கு மயக்க மருந்து கொடுத்தார். மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தி, அங்கியை மாட்டி, நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை. உயரத்தில் பரசூட்டோடு குதிப்பவருக்கு ஒக்சிசன் குறைந்தால் என்ன ஆகும் என்று அறியவும் இதே பாஸ்க் பட்டிகளில் தொங்கியபடி, ஒக்சிசன் குறைந்த காற்றைச் சுவாசித்து நினைவிழந்தார்.

இன்றைய தரச் சான்றுக்குப் பின்னால் இருப்பது இத்தகைய சோதனைதான். பரகிளைடரில் பறப்பவர் அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது பரசூட்டுக்கு ஐரோப்பியத் தரம் ஒன்று உண்டு: உச்ச எடையோடு இறங்கினாலும் வினாடிக்கு 5.5 மீற்றருக்கு மேல் வேகம் கூடக்கூடாது. மிதவை அங்கிக்கு ஐ.எஸ்.ஓ. 12402. இரண்டிலும் எண் ஏதோ அலுவலக முத்திரை அல்ல. யாரோ ஒருவர் ஏற்கெனவே விழுந்து பார்த்த கணக்கு.

அங்கியின் உட்புறத்தில் 50, 100, 150, 275 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அது மிதப்பு விசை, நியூட்டன் அளவில். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும் பலம். 50 என்றால், நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும்போது ஒரு துணை. மயங்கியவரை அது புரட்டிப் போடாது. 100 அமைதியான நீருக்கானது. முகத்தை மேலே திருப்பும். 150 கடலுக்கு. 275 பாரமான உடுப்போடும் கருவிகளோடும் வேலை செய்பவருக்கு. வாவியில் பயணிகளை ஏற்றும் பாதைக்கு 50 போதாது. நீந்தத் தெரியாத அம்மாவும் பிள்ளையும் ஏறும் இடத்தில் 100க்குக் கீழே வாங்குவது காசை மிச்சம் பிடிப்பதாகாது.

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே அடைத்திருப்பது என்ன என்பதும் முக்கியம். 2016 ஜனவரியில் துருக்கியின் இஸ்மிர் நகரில் ஒரு பட்டறையைப் பொலிசார் சோதனையிட்டு 1,263 அங்கிகளைக் கைப்பற்றினார்கள். உள்ளே மிதக்கும் பொருள் இல்லை. பொருட்களைப் பொதிசெய்யும் பஞ்சு. கிரேக்கத் தீவுகளுக்குத் தோணியேறிய அகதிகளுக்கு விற்கச் செய்தவை அவை. தண்ணீரை உறிஞ்சி, அணிந்தவரைக் கீழே இழுக்கக்கூடியவை.

ஒரு காலத்தில் நம் வீட்டுத் தலையணையில் இருக்கும் அதே இலவம்பஞ்சைத்தான் அங்கிக்குள் அடைத்தார்கள். நன்றாக மிதக்கும்; உறை கிழிந்து நீர் புகுந்தால் நாளடைவில் கைவிட்டுவிடும். இன்றைய நுரைப்பஞ்சுக்கும் ஆயுள் உண்டு. இருக்கை மெத்தையாக அதன்மேல் உட்கார்ந்தால் நசுங்கும், வெயிலில் கிடந்தால் உறை நைந்துபோகும். விரலால் அழுத்தினால் பள்ளம் மீளாத அங்கியையும், நூல் விட்ட பட்டியையும் பாதை ஏறும் துறையிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

வாங்குகிறவர் கடையிலேயே மாட்டிப் பார்க்கலாம். பட்டிகளை இறுக்கிவிட்டு, இன்னொருவர் தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கட்டும். அங்கி நாடியைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அது பெரிது. தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும், ஆள் கீழே வழுகுவார்.

பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. "வளர்ந்தாலும் போடலாம்" என்று சட்டை வாங்குவதுபோல் ஓர் அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். பிள்ளைக்கான அங்கியில் எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை என்று எழுதியிருக்கும். வயதைவிட அந்த எடைதான் கணக்கு. கழுத்துக்குப் பின்னே தலையைத் தாங்கும் பட்டையும், கால்களுக்கு இடையே வரும் பட்டியும் இருக்கவேண்டும். அந்தக் காற்பட்டியைத் தொல்லை என்று வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. பாதை புறப்படுமுன், கரையில் நிற்கும்போதே, அதைத்தான் முதலில் பூட்டவேண்டும்.